எல்லோருக்கும் ஒரே சமர்ப்பணம்

சிவரூபி செய்த ஒரே பிழை, தன்னுடைய ஆய்வு முன்னேற்ற அறிக்கையின் பொருளடக்கத்தில் போட்டிருந்த பக்க எண்களும் உள்ளே இருந்த பக்க எண்களும் ஒன்றாக இருந்ததுதான். திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் அந்த உயர்கல்வி நிறுவகத்தில் அப்படியொரு சம்பவம் அதுவரை நடந்ததில்லை. புவியியல் துறைத்தலைவர் கலாநிதி வல்லிபுரம் பொருளடக்கத்தைப் பார்த்தார், உள்ளே புரட்டினார், திரும்பவும் பொருளடக்கத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் புரட்டினார்.

“பிள்ளை, இதை எப்பிடிச் செய்தனீங்கள்?”

“நான் செய்யேல்ல சேர். லேடெக் தன்ர பாட்டில செய்யும்.”

லேடெக் என்பது எழுத்துக்கோப்பதற்கான ஒரு மென்பொருள். தலைப்பு எது, படம் எது, அடிக்குறிப்பு எது என்று எழுதும்போதே சொல்லிவிட்டால் போதும், பக்கத்தை அடுக்குவதும் எண் போடுவதும் அதன் பொறுப்பு. துறையில் மற்றவர்கள் ஸ்பேஸ் பொத்தானைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளிய தலைப்பு அச்சில் எங்கே போய் நிற்கும் என்பதைக் கடவுளிடம் விட்டிருந்தார்கள்.

சிவரூபிக்கு விரிவுரையாளர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கொட்டியாரக் குடாவின் கரை எப்படிக் கரைந்துகொண்டு போகிறது என்று அவள் எழுதிக்கொண்டிருந்த முதுதத்துவமாணி ஆய்வேடு முடிந்தால் நிரந்தரமாகும். ஆனால் உண்மையைச் சொன்னால், அவள் அந்த ஆய்வேட்டை எழுதியது அதன் முதற்பக்கத்துக்காக. அறிமுகம் எழுத முன்னரே, எத்தனை அத்தியாயம் வரும் என்று தெரிய முன்னரே, சமர்ப்பணத்தை எழுதி வைத்துவிட்டாள்.

‘எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளில், என் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய என் அம்மா இரத்தினேஸ்வரிக்கு.’

அது போருக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடிய நாள். சிவரூபி அப்போது சின்னப் பிள்ளை. முகாம் முகாமாக இழுபட்ட வருடங்களில் அந்தப் பை கூடவே வந்தது; கிழிந்தபோது அம்மா சாக்குத் துண்டு வைத்துத் தைத்தாள். இப்போது அம்மா சம்பூரில் திரும்பவும் குடியேறி, தோட்டத்தில் கச்சானும் கத்தரியும் வைத்துக்கொண்டு இருக்கிறாள். அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருப்பது அவளுக்குத் தெரியாது. வருடாந்த ஆய்வரங்கில் தன் ஆய்வேட்டை முன்வைக்கும் நாளன்று அம்மாவைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, அந்த வரியைத் திரையில் பெரிதாகக் காட்ட வேண்டும். சிவரூபிக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வேலை.

வேறொரு இடமென்றால், “நல்லாயிருக்கு பிள்ளை, எங்களுக்கும் காட்டித் தாங்கோ” என்பதோடு கதை முடிந்திருக்கும். வல்லிபுரம் சேர் உபகுழு அமைத்தார். ‘கல்விசார் ஆவண வடிவமைப்பு ஒருமைப்பாட்டு உபகுழு’ என்று பெயர். அதற்கு அவர் தலைவர், சிரேஷ்ட விரிவுரையாளர் அபூதாஹிர் செயலாளர், சிவரூபி உறுப்பினர். வேலை முழுவதும் உறுப்பினருக்கு.

முதற்கூட்டத்தில் அவள் ஆசையாகத்தான் விளங்கப்படுத்தினாள். டெம்ப்ளேட், அதாவது வார்ப்புரு, என்று ஒரு மூலக்கோப்பு இருக்கும். ஆய்வேடு, கட்டுரை, ஸ்லைட் எல்லாம் அதைப் பார்த்துத்தான் தங்கள் எழுத்துருவையும் ஓரத்தையும் தலைப்பையும் எடுத்துக்கொள்ளும். ஒருமுறை செய்தால் வருடக்கணக்காகப் பாவிக்கலாம். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும்.

“ஒரு இடத்தில பிழைச்சா?” என்று கேட்டார் அபூதாஹிர்.

“எல்லா இடத்திலயும் பிழைக்கும் சேர்.”

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டக் குறிப்பில் இது ஏறவில்லை.

அவள் செய்துகொண்டு போன முதல் ஸ்லைட் வெள்ளையாக, காற்றோட்டமாக இருந்தது. உபகுழுவுக்கு அது பொறுக்கவில்லை. இடது மூலையில் நிறுவகத்தின் இலச்சினை வந்தது. வலது மூலையில் பீடத்தின் இலச்சினை வந்தது. துறைக்கென்று ஒரு இலச்சினை இல்லை என்ற விசயம் அப்போதுதான் வெளியே வந்து, அதற்கென இன்னொரு உபகுழு அமைக்கப்பட்டது. கீழே, முன்பொருகால் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்துத் தந்த தொண்டு நிறுவனத்தின் இலச்சினை. அதற்கும் கீழே நிறுவகத்தின் தூரநோக்கு, பணிக்கூற்று வாசகங்கள். எழுதுவதற்கு மிஞ்சிய இடம் ஒரு முத்திரை அளவு.

“இதில என்னத்தை எழுதுறது சேர்?” என்றாள் சிவரூபி.

“ஸ்லைட்டில கனக்க எழுதக்கூடாது எண்டு நீங்கதானே மிஸ் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க” என்றார் அபூதாஹிர்.

ஆய்வேட்டுக்கு வந்தபோது வல்லிபுரம் சேர் பக்கங்களைப் புரட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“வாழ்த்துச் செய்தி எங்க?”

“சேர், ஆய்வேட்டுக்கு வாழ்த்துச் செய்தி போடுறேல்ல.”

“ஏன், படிச்ச பிள்ளையளை வாழ்த்தக்கூடாதோ?”

கோயில் மலரிலிருந்து விளையாட்டுப்போட்டி மலர் வரைக்கும் வாழ்த்துச் செய்தி எழுதிக் கை பழகிய மனிதர் அவர். இந்தத் துறையில் இனி எழுதப்படப்போகும் ஆய்வேடுகள் எவையென்றும் தெரியாமல், எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரே வாழ்த்தாக எழுதித் தந்தார். கூடவே ஒரு புகைப்படம். அது அவருக்குத் தலையில் முடி இருந்த காலத்தில் எடுத்தது.

இதையெல்லாம் சிவரூபி தாங்கிக்கொண்டாள். வெளியீட்டு விழாவைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை.

இந்த ஊரில் ஒரு விசயம் பிறந்துவிட்டது என்பதற்கு வெளியீட்டு விழாதான் அத்தாட்சி. கவிதைப் புத்தகம், இறுவட்டு, நாட்காட்டி எல்லாம் அப்படித்தான் வெளிவந்தன. அதேமாதிரி டெம்ப்ளேட்டும் வெளியிடப்பட வேண்டும் என்று தீர்மானமாகியது. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, நயப்புரை, முதற்பிரதி வழங்கல். எல்லா ஒழுங்கும் முடிந்து, விழாவுக்கு முதல்நாள்தான் தலைவர் டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தார். வல்லிபுரம் சேருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள்ளே, எழுத்து வரவேண்டிய இடங்களிலெல்லாம் ‘உரை உரை உரை’ என்று இருந்தது. சமர்ப்பணப் பக்கத்தில், ‘இங்கே உங்கள் சமர்ப்பணத்தை எழுதவும்’ என்று சிவப்பில் கிடந்தது.

“இதென்ன பிள்ளை, வெறும் வீட்டைக் காட்டியே குடிபூரல் செய்யப்போறம்? ஆக்கள் வருவினம். முழுசா நிரப்பிப்போட்டுத் தாங்கோ.”

“சேர், இது டெம்ப்ளேட். வெறுமையாத்தான் இருக்கவேணும்.”

“நாளைக்கு விழா முடிய எடுத்துவிடலாம். இப்ப நிரப்புங்கோ.”

ஒரு பின்னேரத்துக்குள் நிரப்ப அவளிடம் வேறு என்ன இருந்தது? தன்னுடைய ஆய்வேட்டிலிருந்து சில பக்கங்களை எடுத்துப் போட்டாள். சமர்ப்பணப் பக்கத்துக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தாள். ஒருநாள்தானே என்று அதையும் போட்டாள். ஸ்லைட்டின் கடைசிப் பக்கத்திலும் அதே வரி தானாகப் போய் இருந்துகொண்டது. அப்படிப் போய் இருக்கும்படி செய்து வைத்தது அவளேதான்.

விழா நன்றாக நடந்தது. வாசலில் கட்டிய வாழையைப் பட்டினத்துத் தெருக்களில் திரியும் மான்கள் வந்து பாதி தின்றுவிட்டன என்பதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. பஸ் நிலையத்தடி இரும்புக்கடை முதலாளிக்கு முதற்பிரதி வழங்கப்பட்டது. பூவும் வெற்றிலையும் வைத்த தட்டத்தில், சிவப்பு நாடா கட்டிய ஒரு பென் டிரைவ். முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, படத்துக்கு நின்றார். அவரிடம் கணினி இல்லை. நயப்புரை ஆற்றியவர், “இந்நூல்” என்று தொடங்கி “இந்நூல்” என்றே முடித்தார்.

அடுத்தநாள் காலை சிவரூபி தலைவரின் அறைக்குப் போனாள்.

“சேர், நிரப்பினதை எடுத்துவிடட்டே?”

வல்லிபுரம் சேர் திடுக்கிட்டுப் பார்த்தார். “என்ன கதை கதைக்கிறீங்கள் பிள்ளை? வெளியிட்டாச்செல்லோ! வெளியிட்ட நூலில ஆரும் கை வைப்பினமே? முதற்பிரதி வாங்கின மனிசனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது? ஏலாது.”

அன்று மத்தியானமே சுற்றறிக்கை வந்தது. வெளியிடப்பட்ட வார்ப்புருவில் எதையும் மாற்றுதல், நீக்குதல், இடம்பெயர்த்தல் ஆகாது. மாணவர்கள் தங்கள் எழுத்தை மட்டும் கொடுத்தால் போதும். தலைப்புப் பக்கம், வாழ்த்துச் செய்தி, சமர்ப்பணம் யாவற்றையும் துறையின் கணினியே சேர்த்துக்கொள்ளும். மாணவரில் எவராவது களவாகக் கை வைத்துவிடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதைச் செய்து கொடுத்ததும் சிவரூபிதான். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், முதலில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. குச்சவெளிக் களப்பைப் பற்றிய ஆய்வேடு, தென்னையைப் பற்றிய ஆய்வேடு, பஸ் ஓடும் நேரத்தைப் பற்றிய ஆய்வேடு, எல்லாவற்றிலும் அம்மா இருந்தாள். எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மா மட்டும் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். துறை முழுவதும் ஒரே தாய் வயிற்றில் பிறந்ததுபோல இருந்தது.

அந்தச் சந்தோசம் பஹ்மி வந்து நின்ற நாளோடு போயிற்று. கிண்ணியாவிலிருந்து வரும் இறுதி வருட மாணவன். புல்மோட்டைக் கனிம மணலைப் பற்றி எழுதியிருந்தான்.

“மிஸ், நான் என்ட உம்மாட பேரப் போட்டுத்தான் குடுத்தன். அசனா எண்டு. துறைக் கொம்பியூட்டர் அத எடுத்துப்போட்டு இரத்தினேஸ்வரி எண்டு போடுது. ரெண்டுதரம் குடுத்துப் பாத்திட்டன்.”

“தலைவரிட்டச் சொன்னீங்களே?”

“சொன்னன் மிஸ். டெம்ப்ளேட்டத் திருத்தப் பாத்தன் எண்டு ஏசினார். ‘இரத்தினேஸ்வரி ஆர் எண்டு தெரியுமா உமக்கு? டெம்ப்ளேட்டில இருக்கிறா எண்டா எவ்வளவு பெரிய ஆளா இருக்கவேணும்’ எண்டு கேட்டார்.” பஹ்மி தயங்கினான். “ஆரு மிஸ் அவங்க?”

சிவரூபி “கேட்டுச் சொல்லுறன்” என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். அப்படிச் சொன்னதை நினைத்துப் பிறகு தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. திரும்பவும் தலைவரிடம் போனாள். திரும்பவும் இரும்புக்கடை முதலாளியின் பெயர் சொல்லப்பட்டது.

அவளுடைய ஆய்வேட்டின் முறை அதற்குப் பிறகு வந்தது. எந்த எழுத்து எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்கும் மென்பொருளில் எல்லா ஆய்வேடுகளையும் போட்டுப் பார்ப்பார்கள். வல்லிபுரம் சேர் அவளைக் கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொல்லி, சாவீட்டுக்கு வந்தவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, உங்கட ஆய்வேடு சுத்தம். டெம்ப்ளேட்டில கிடந்த அத்தியாயப் பக்கங்களை உங்கடதெண்டு உபகுழு ஏற்றுக்கொள்ளும். ஒரு பக்கம்தான் பிரச்சினை. சமர்ப்பணம். முழுக்கக் களவு எண்டு காட்டுது.”

“சேர், அது என்ர அம்மா.”

“ஆர்?”

“இரத்தினேஸ்வரி.”

“நான் முந்திய கல்விப் பணிப்பாளர் அம்மா ஆரோ எண்டெல்லோ நினைச்சனான்” என்றார்.

“அந்த வரியை எழுதினது நான்தான் சேர்.”

“இருக்கட்டும். மற்றப் பிள்ளையளுக்கு அது டெம்ப்ளேட். அவை மாத்தக்கூடாது. உங்களுக்கு அது டெம்ப்ளேட் இல்லை, உங்கட எழுத்து. எழுத்தெண்டா முன்னம் ஒருத்தரும் எழுதாததா இருக்கவேணும். இவ்வளவு பேர் எழுதின வரியை நீங்கள் எப்பிடிப் புதுசா எழுதுறது?” சேர் யோசித்தார். மனிதர் கெட்டவர் இல்லை. உதவி செய்யவே பார்த்தார். “அம்மாவுக்கு வேற பேர் இருக்கோ? வீட்டில கூப்பிடுற பேர்?”

“இல்லை சேர்.”

உபகுழு கூடியது. அதன் தீர்மானப்படி, சிவரூபியின் ஆய்வேட்டிலும் ஸ்லைட்டிலும் மட்டும் அந்த இடத்தில், ‘இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது’ என்று வரவேண்டும். மூலக்கோப்பில் அந்த விலக்கை எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான். எழுதுபவர் சிவரூபி என்றால் அம்மா வேண்டாம் என்று, சிவரூபி தன் கையாலேயே எழுதினாள். அன்று அவள் அழுதாள். கோபத்தில் அழுத அழுகை அது.

அம்மாவுக்கு வரவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆய்வரங்குக்கென்று அம்மா சேலைக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தாள். அன்று விடியவே வெளிக்கிட்டு, மூதூருக்கு வந்து, பஸ் மாறி, கிண்ணியாப் பாலம் தாண்டி, சேலை கசங்காமல் வந்து சேர்ந்தாள். முன்பக்கம் விருந்தினருக்கு என்றபடியால் இரண்டாம் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் அபாயா போட்ட ஒரு பெண் வந்து இருந்தார். இரண்டு பேரும் அந்தக் கணமே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிவரூபி மேடையின் ஓரத்தில் துறையின் கணினிக்கு முன்னால் இருந்தாள். அவளும் அன்று பேசவேண்டியவள்தான், ஆனால் அந்தக் கணினியை இயக்க வேறு ஆள் இல்லை. பேசுபவர் மேடைக்கு வர, அவள் பொத்தானை அழுத்துவாள். அவருடைய எழுத்தை எடுத்து, மூலக்கோப்போடு சேர்த்து, கணினி ஸ்லைட்டை அந்த இடத்திலேயே கட்டித் தரும்.

முதலில் தர்மிகன் என்ற மாணவன் குச்சவெளிக் களப்பைப் பற்றிப் பேசினான். அவனுடைய கடைசி ஸ்லைட் வந்தது. அம்மா திரையைப் பார்த்தாள். வாய்க்குள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று அங்கும் இங்கும் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். சிவரூபி கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாணவி தென்னையில் பேசி முடித்தாள். திரும்பவும் அந்த வரி. அதற்கு அடுத்தவரும் அப்படியே. ஒவ்வொருதரமும் மண்டபம் கடமைக்குக் கை தட்டியது.

தேநீர் இடைவேளையில் சிவரூபி ஒரு கோப்பையோடு அம்மாவிடம் போனாள். அபாயா போட்ட பெண்தான் கதைத்துக்கொண்டிருந்தார்.

“என்ட மகனும் இப்ப டீ முடிய வாறான். பஹ்மி எண்டு. ‘சமர்ப்பணம் உங்கட பேர்லதான் உம்மா எழுதின’ எண்டு எப்பவோ சொன்னவன். அதப் பாக்கத்தான் வந்த நான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அதுசரி, ஆரு அந்த இரத்தினேஸ்வரி? எல்லாப் புள்ளையளும் அவங்களத்தான் அம்மா எண்டு சொல்லுதுகள். பெரிய மனுசியா?”

அம்மா கையில் இருந்த பிஸ்கற்றைப் பார்த்தாள்.

“தெரியாது” என்றாள்.

சிவரூபி கோப்பையை வைத்த இடம் அவளுக்கு நினைவில்லை. அம்மாவின் பெயர் திரை முழுக்க நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவர் மனம் நோகக்கூடாது என்று அந்தப் பெயரைத் தெரியாது என்று சொல்ல வேண்டிய நிலைக்குத் தன் தாயைத் தானே கொண்டுவந்து விட்டாள். சுற்றறிக்கை, உபகுழு, இரும்புக்கடை முதலாளி, நிரந்தர நியமனம் என்று எல்லாம் வரிசையாக மனதில் வந்தன. எல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தாள்.

கணினிக்குத் திரும்பினாள். மூலக்கோப்பைத் திறந்தாள். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்று உபகுழுவுக்கு விளங்கப்படுத்தியவள் அவள்தானே. தனக்கென்று எழுதிய விலக்கை முதலில் அழித்தாள். பிறகு புத்தகப்பையை அந்த வரியிலிருந்து எடுத்தாள். அது ஊருக்குப் பொதுவானது இல்லை. பெயரையும் எடுத்தாள். மிஞ்சியதை எல்லோருக்கும் பொருந்தும்படி மாற்றிச் சேமித்தாள். மணி அடித்தது.

பஹ்மி வந்தான். புல்மோட்டை மணலைப் பற்றி நன்றாகவே பேசினான். கடைசி ஸ்லைட்டை எதிர்பார்த்து அவன் முகம் ஏற்கனவே சுருங்கியிருந்தது. திரையில் வந்தது இது:

‘இந்த ஆய்வு, என் தாய் ……………… அவர்களுக்கு.’

பஹ்மி திரையைப் பார்த்தான். சிவரூபியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் ஒலிவாங்கியை வாயருகே இழுத்தான்.

“அசனா” என்றான். “என்ட உம்மாட பேர் அசனா. அந்தா இருக்கிறாங்க.”

இரண்டாம் வரிசையில் அசனா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா அவருடைய முதுகைத் தடவிவிட்டு, வேறு யாரும் தட்ட முன்னர் கை தட்டினாள். இந்தமுறை மண்டபம் கடமைக்குத் தட்டவில்லை. அடுத்து வந்த மாணவி தன் தாயின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார், அதனால் வரவில்லை என்றாள். அதற்கடுத்தவன் பெயரைச் சொன்ன பிறகு பேச முடியாமல் இறங்கிப் போனான். பிரதம விருந்தினர் மூக்கைச் சிந்தினார்.

வல்லிபுரம் சேர் முன்வரிசையில் இருந்து சிவரூபியை முறைத்துக்கொண்டிருந்தார். பிரதம விருந்தினர் அவருடைய காதில் குனிந்து, “நல்ல ஏற்பாடு, ஆருடைய யோசனை இது?” என்று கேட்கும் வரைக்கும்தான் அந்த முறைப்பு இருந்தது.

கடைசியாகச் சிவரூபி பேசினாள். கொட்டியாரக் குடாவின் கரை எந்த இடத்தில் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று சொன்னாள். தன் ஸ்லைட்டுகளை முடித்து, அந்த வெறுமைக்கு வந்தாள். இத்தனை காலமும் எழுத்தில் காட்ட வைத்திருந்ததை வாயால் சொல்ல வேண்டி வந்தபோது, இலேசாக இருக்கவில்லை.

“சம்பூரை விட்டு எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினவை. என்ர அம்மா என்ர புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினவ. காலமையிலயிருந்து நீங்கள் வாசிச்ச இரத்தினேஸ்வரி அவதான்.”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்மா எழும்பவில்லை. அழவும் இல்லை. தலையைக் குனிந்து, புதுச் சட்டையின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அசனா அவளுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “கள்ளி! தெரியாதெண்டு சொன்னீங்களே!”

நன்றியுரைக்கு வல்லிபுரம் சேர் எழும்பினார். மேடைக்கு ஏறும்போதே அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டிருந்தது. இன்று நீங்கள் கண்ட இந்தப் புதுமை எமது உபகுழு நீண்டகாலம் ஆலோசித்து எடுத்த தீர்மானம் என்றார். பிரதம விருந்தினர் தலையை ஆட்டினார். நிறுவகத்துக்கு நன்றி, பீடத்துக்கு நன்றி, பெயின்ட் அடித்துத் தந்தவர்களுக்கு நன்றி, முதற்பிரதி வாங்கிய முதலாளிக்கு நன்றி. நன்றியுரைக்கும் ஸ்லைட் போட வேண்டும் என்பது அவருடைய சுற்றறிக்கைதான். ஆகவே அவருக்கும் அந்தக் கடைசி ஸ்லைட் வந்தது.

‘இந்த ஆய்வு, என் தாய் ……………… அவர்களுக்கு.’

சேர் திரையைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. முன்னால் மண்டபம் முழுவதும் காத்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ ஒரு பெயர் வாய் வரைக்கும் வந்ததுபோல உதடு அசைந்ததைச் சிவரூபி பக்கத்திலிருந்து கண்டாள். ஆனால் இவ்வளவு காலமும் தான் கையொப்பமிட்ட சுற்றறிக்கைகள் அவ்வளவும் அந்த மனிதருக்குள்ளே எழும்பி நின்றிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்தார்.

“இரத்தினேஸ்வரி” என்றார் உரத்து.

இரண்டாம் வரிசையில் அம்மா பதறிப்போய்ப் பாதி எழும்பினாள். அவளைவிட அவருக்கு வயது கூட. என்றாலும் மேடையில் நிற்கும் மனிதரை அந்தரத்தில் விடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, “ஓம்” என்று சொல்லிவிட்டு இருந்தாள். மண்டபம் இடிந்து விழும்படி சிரித்தது. வல்லிபுரம் சேரும் கூடச் சேர்ந்து சிரித்தார், கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே.

சிவரூபிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கணினியை நிறுத்த முன்னர் அந்தப் புள்ளிக்கோட்டை இன்னொருதரம் பார்த்தாள். அன்று தேநீருக்குப் பிறகு அந்த மேடையில் ஏறிய எல்லோருடைய தாயின் பெயரும் ஊருக்குத் தெரியவந்தது. வல்லிபுரம் சேருடைய அம்மாவின் பெயர் மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.